55 ஆயிரத்துக்கு அசெம்பிள்டு பிசி: கடைக்காரர் கொடுத்த கொட்டேஷன் சரியா?

வேலூர் வெயில்

நண்பர்களுக்கு வணக்கம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கிய கொட்டேஷனைக் கீழே போட்டிருக்கிறேன். மானிட்டர் (24 இன்ச், 1080பி), கீபோர்டு, மவுஸ் எல்லாம் கையில் இருக்கின்றன. 1080பியில் கேம், போனில் எடுத்த வீடியோவை டாவின்சி ரிசால்வில் எடிட் செய்வது, பிளெண்டர் (3டி மென்பொருள்) கற்றுக்கொள்வது, இவ்வளவுதான் வேலை. ஜிஎஸ்டி சேர்த்து 55,000 ரூபாயைத் தாண்டக்கூடாது.

ப்ராசஸர்: ரைசன் 5 5500
கூலர்: 240 எம்எம் லிக்விட் கூலர், ஆர்ஜிபி
போர்டு: ஏ520எம், இரண்டு ராம் ஸ்லாட்
ராம்: 16 ஜிபி டிடிஆர்4 3200, ஒரே ஸ்டிக்
கிராபிக்ஸ்: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி
எஸ்எஸ்டி: 512 ஜிபி என்விஎம்இ
ஹார்ட்டிஸ்க்: 1 டிபி
கேபினட்: முன்பக்கம் முழுக் கண்ணாடி, நான்கு ஆர்ஜிபி ஃபேன், 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) உள்ளேயே வரும்

இதில் எதை மாற்றலாம்?

வேப்பங்காய்

கண்ணுக்குத் தெரியுற இடத்துல எல்லாம் தாராளமா செலவு பண்ணியிருக்காங்க. உள்ளே மூணு பாகம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாது.

முதல்ல கிராபிக்ஸ் கார்டு. 6500 எக்ஸ்டிக்கு பிசிஐஇ லேன் (கார்டுக்கும் போர்டுக்கும் நடுவுல தகவல் போற பாதை) நாலுதான். ஸ்லாட் 16 லேன் நீளத்துக்கு இருந்தாலும் கார்டு உபயோகிக்கிறது நாலைத்தான். பிசிஐஇ 4.0ன்னா அந்த நாலு லேன்ல நொடிக்கு சுமார் 8 ஜிபி போகும். 3.0ல அதுல பாதி, 4 ஜிபி. உங்க லிஸ்ட்ல இருக்கிற 5500 ப்ராசஸரும் 3.0தான், ஏ520 போர்டும் 3.0தான். கார்டுல மெமரி வேற 4 ஜிபிதான். இப்போ வர்ற கேம்கள்ல டெக்ஸ்சரை மீடியம் வச்சாலே அது நிரம்பிடும். நிரம்பினதும் மிச்சம் ராம்லேர்ந்து அந்தக் குறுகலான வழியா வரணும். மீட்டர்ல சராசரி ஃப்ரேம் ரேட் நல்லாத்தான் காட்டும். கேமராவைத் திருப்பினா படம் திக்கும். சராசரியை மட்டும் காட்டுற யூடியூப் வீடியோவைப் பார்த்து இந்தக் கார்டை வாங்காதீங்க.

ரெண்டாவது, லிக்விட் கூலர். 5500 முழு வேகத்துல ஓடினாலும் 90 வாட்டைத் தாண்டாது. டப்பாவுக்குள்ளயே ரைத் ஸ்டெல்த் கூலர் வருது, அது போதும். அந்த 240 எம்எம் கூலர் காசையும் ஹார்ட்டிஸ்க் காசையும் கிராபிக்ஸ் கார்டு பக்கம் தள்ளுங்க. ஆர்எக்ஸ் 6600 8 ஜிபிக்குக் கிட்ட வந்துடுவீங்க. அது 8 லேன் கார்டு. 3.0 போர்டுல போட்டாலும் அடி கம்மி.

நள்ளிரவு ரெண்டர்

6500 எக்ஸ்டியில் இன்னொரு சிக்கல். அந்தச் சிப்பில் வீடியோ என்கோடரே கிடையாது. எச்.264, எச்.265 இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்யும் வேலை முழுக்க ப்ராசஸர் தலையில் விழும். கேம் ஆடிக்கொண்டே ஸ்க்ரீன் ரெக்கார்டு செய்தாலும் இதே கதைதான். ஏவி1 டிகோடும் இல்லை, அதனால் யூடியூப் ஏவி1 வீடியோ ஓடும்போதும் ப்ராசஸர்தான் உழைக்க வேண்டும். எடிட்டிங் என்று சொன்ன ஆளுக்கு இந்தக் கார்டை எழுதிக் கொடுத்தவர் விவரத்தைப் பார்க்கவே இல்லை. 6600இல் இந்தக் குறைகள் எதுவும் கிடையாது.

பிளெண்டருக்கு வேறு கணக்கு. அதன் சைக்கிள்ஸ் ரெண்டரில் என்விடியா கார்டுகளுக்கான ஆப்டிக்ஸ் முறைதான் முன்னால் நிற்கிறது. ஏஎம்டி கார்டிலும் எச்ஐபி என்ற அவர்களுடைய முறை வழியாக ஓடும், ஆனால் கேமில் சமமாக ஓடுகிற இரண்டு கார்டை எடுத்து ரெண்டர் போட்டால் என்விடியா முன்னால் போய்விடும். பிளெண்டர்தான் பிரதானம் என்றால் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிடைக்கிறதா என்று தேடுங்கள். சீன் மொத்தமும் கார்டு மெமரியில் அடங்குவதுதான் அங்கே பெரிய விஷயம். வாங்கும்போது 12 ஜிபி என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். அதே 3060 பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, அதன் மெமரி பஸ் 192 பிட்டிலிருந்து 128க்குக் குறைக்கப்பட்டது. கற்றுக்கொள்கிற அளவுக்குத்தான் பிளெண்டர் என்றால் 6600 போதும்.

சாலிடர் மணி

கார்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். "500 வாட்" என்று ஸ்டிக்கரில் பெரிதாகப் போட்டிருப்பதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் உள்ள சின்ன அட்டவணையில் +12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். இன்றைய பிசியில் ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுமே 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால் 18 × 12 = 216 வாட். அவ்வளவுதான் அந்த 500 வாட். மீதியை 3.3, 5 வோல்ட்டில் கூட்டிக் காட்டியிருப்பார்கள், அந்த இரண்டுக்கும் இன்று பெரிய தேவை இல்லை. ஒழுங்கான 550 வாட் சப்ளையில் 12 வோல்ட் மட்டும் 45 ஆம்பியர் பக்கம் இருக்கும், அதாவது 540 வாட்.

உங்கள் தேவையைக் கணக்குப் போட்டுவிடலாம். ப்ராசஸருக்கு 90, ஆர்எக்ஸ் 6600க்கு 132, போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் 50. மொத்தம் 270 வாட் சுற்றி. கார்டு ஒரு கணம் துள்ளி அதிகம் இழுக்கும், அதற்கும் சேர்த்து நல்ல 450 வாட் போதும். நாளைக்குப் பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 550. 650க்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

80 பிளஸ் பிரான்ஸ் என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரைதான், பாதுகாப்புக்கு அது உத்தரவாதம் தராது. ஓவர் கரண்ட், ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட், ஓவர் டெம்பரேச்சர் பாதுகாப்புகள் இருக்கின்றனவா என்று தயாரிப்பாளரின் விவரத் தாளில் பாருங்கள். 5 வருட வாரண்டி தருகிற மாடலாக எடுங்கள். ஒரு வருட வாரண்டி எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பாலும் 8 பின் கிராபிக்ஸ் கனெக்டர் இருக்காது. கடையில் மோலெக்ஸிலிருந்து (பழைய 4 பின் கனெக்டர்) 8 பின்னுக்கு ஒரு அடாப்டர் மாட்டித் தருவார்கள். 8 பின் கனெக்டரில் 150 வாட் வரை இழுக்க அனுமதி உள்ளது. மெல்லிய மோலெக்ஸ் வயர் அதைத் தாங்காமல் சூடாகி முதலில் பிளாஸ்டிக் உருகும்.

வேலூர் வெயில்

மிக்க நன்றி. கடையில் போனில் கேட்டேன். லேபிளில் 12 வோல்ட் 17 ஆம்பியர் என்கிறார்கள். "எல்லாருக்கும் இதுதான் சார் போடறோம்" என்றார்கள். லிக்விட் கூலர், ஹார்ட்டிஸ்க் இரண்டையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். ப்ராசஸர் 5500 இருக்கட்டுமா, 5600க்கு மாற்றலாமா? இன்டெல் பக்கமும் சிலர் சொல்கிறார்கள்.

கோவை கிராங்க்

17 ஆம்பியர் என்றால் 204 வாட். வேண்டவே வேண்டாம்.

5500, 5600 இரண்டும் 6 கோர் 12 த்ரெட். எண்ணில் நூறு வித்தியாசம், உள்ளே சிப் வேறு. 5600இல் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 32 எம்பி, பிசிஐஇ 4.0. 5500 என்பது ஏபியு சிப்பில் (உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸர்) அந்தக் கிராபிக்ஸை அணைத்து விற்பது: கேஷ் 16 எம்பி, பிசிஐஇ 3.0. கேமில் அந்தக் கேஷ் வித்தியாசம் தெரியும். விலை வித்தியாசம் குறைவாக இருக்கிற அன்றைக்கு 5500ஐத் தொட வேண்டியதில்லை.

இன்டெல்லில் உங்கள் பட்ஜெட்டுக்கு ஐ5 12400எஃப், எச்610 போர்டு. இதுவும் 6 கோர் 12 த்ரெட்தான். எச்610ஐ மட்டமாகப் பேசுவார்கள், ஆனால் கிராபிக்ஸ் ஸ்லாட் அதில் 4.0 வேகத்தில்தான் ஓடும். ஏ520 இந்த இடத்தில் தோற்கிறது. குறை என்னவென்றால் எம்.2 ஸ்லாட் 3.0தான், ராம் ஸ்லாட் பெரும்பாலும் இரண்டுதான். டிடிஆர்4 போர்டா டிடிஆர்5 போர்டா என்று பெயரின் கடைசி வரை படியுங்கள். ஒரே எச்610 பெயரில் இரண்டும் விற்கிறார்கள், ஒன்றின் ராம் மற்றதில் ஏறாது.

நான் தேர்ந்தெடுக்கும் விதம் எளிது: 5600 + பி550எம் கூட்டுத்தொகை, 12400எஃப் + எச்610 கூட்டுத்தொகை, அன்றைய விலையில் எது குறைவோ அது. வேகத்தில் சண்டை போடும் அளவுக்கு இடைவெளி இல்லை.

நள்ளிரவு ரெண்டர்

எஃப் இல்லாத, அதாவது உள் கிராபிக்ஸ் உள்ள 12400க்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதிலுள்ள யுஎச்டி 730 கிராபிக்ஸ் 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடுதலாக உள்ள) எச்.265 வீடியோவை ஹார்டுவேரிலேயே டிகோடு செய்யும். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060 இரண்டாலும் அது முடியாது. மிரர்லெஸ் கேமராவில் எடுக்கிற ஆள் என்றால் அந்தக் கூடுதல் காசு நியாயம். இவர் போன் வீடியோ என்கிறார். போனில் வருவது 4:2:0, அதை 6600 தாராளமாகப் பார்த்துக்கொள்ளும்.

போன் வீடியோ என்பதால் இன்னொன்று. போன்கள் ஃப்ரேம் ரேட்டை ஏற்றி இறக்கிப் பதிவு செய்யும். ரிசால்வில் போட்டதும் ஒலியும் உதடும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ஹேண்ட்பிரேக்கில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு இழுங்கள். பிசி எவ்வளவு வேகமாக இருந்தாலும் இது சரியாகாது.

வேப்பங்காய்

@கோவை கிராங்க் எல்லாம் சரி. ஆனா அப்கிரேடையும் பார்க்கணும். 5600 உக்காருற ஏஎம்4ம் முடிஞ்ச சாக்கெட், 12400எஃப் உக்காருற 1700ம் முடிஞ்ச சாக்கெட். 1700ல பின்னாடி 13, 14ஆம் தலைமுறைப் பெரிய சிப் போடலாம்னு நினைச்சா, 2024ல வந்த மைக்ரோகோடு இருக்கிற பயாஸ் (போர்டோட அடிப்படை மென்பொருள்) ஏத்தாம போடாதீங்க. வோல்டேஜ் ஏறி சிப் கெட்டுப்போற பிரச்சினை அதுலதான் இருந்தது. 12ஆம் தலைமுறைக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஏஎம்டியோட புது சாக்கெட்டான ஏஎம்5க்குப் போனா நல்லதுதான், ஆனா டிடிஆர்5 விலை இப்போ இருக்கிற நிலைமையில 55க்குள்ள கிராபிக்ஸ் கார்டுதான் அடிபடும். அப்கிரேடு பண்ணலாம்னு வச்சுட்டு இன்னிக்கு மட்டமான கார்டுல ஆடறதுல அர்த்தம் இல்லை.

எட்டாம் நம்பர் ஸ்க்ரூ

எல்லோரும் தாண்டிப் போனது ராம். ஒரே ஸ்டிக் என்றால் சிங்கிள் சேனல், மெமரி பாதை பாதி அகலம். கிராபிக்ஸ் கார்டு தனியாக இருக்கிற பிசியில் இதனால் கேம் நின்றுவிடாது, ஆனால் ப்ராசஸர் திணறுகிற கேம்களில் ஃப்ரேம் விழும். (தனிக் கார்டு இல்லாமல் 5600ஜி மாதிரி ஏபியுவில் ஓட்டுகிறவர்கள் மட்டும் ஒற்றை ஸ்டிக்கைக் கனவில்கூட நினைக்க வேண்டாம். அங்கே ராம்தான் கிராபிக்ஸ் மெமரி.)

இரண்டு ஸ்லாட் போர்டில் 8+8 போட்டால் பிறகு 32க்குப் போகும்போது இரண்டையும் கழற்றி விற்க வேண்டும். ராம் விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில் அது நஷ்டம். அதனால் என் கணக்கு: நான்கு ஸ்லாட் உள்ள பி550எம் எடுத்தால் 8+8 கிட். இரண்டு ஸ்லாட் போர்டுதான் என்றால் இப்போது 16 ஒன்று, காசு வந்ததும் அதே மாடலில் இன்னொரு 16. இரண்டாவது வாங்கும்போது லேபிளில் உள்ள டைமிங் எண்களையும் ஒப்பிடுங்கள். சிஎல்16 ஒன்று, சிஎல்22 ஒன்று போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும்.

நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2, 4 ஸ்லாட்டில் போட வேண்டும். கடையில் அசெம்பிள் செய்கிற பையன்கள் 1, 2 என்று பக்கத்துப் பக்கத்தில் செருகிவிடுவதுண்டு. 16 ஜிபி என்று விண்டோஸ் காட்டும், ஆனால் சிங்கிள் சேனலில் ஓடும். வாங்கும் இடத்திலேயே சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து மெமரி பக்கத்தில் சேனல் என்ன என்று பாருங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யாவிட்டால் பல 3200 ராம்கள் 2133 அல்லது 2400இல் ஓடும். அதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

வேலூர் வெயில்

எஸ்எஸ்டி 512 போதுமா? ஹார்ட்டிஸ்க்கை எடுத்துவிட்டதால் கேட்கிறேன். கேபினட் கண்ணாடி அழகாக இருக்கிறது, அதில் ஏதும் தப்பா?

எட்டாம் நம்பர் ஸ்க்ரூ

512இல் விண்டோஸ், ரிசால்வ், இரண்டு பெரிய கேம் போட்டால் முடிந்தது. 1 டிபி என்விஎம்இ ஒன்றே எடுங்கள். டிராம் இல்லாத எஸ்எஸ்டி என்று பயப்பட வேண்டாம், எச்எம்பி (பிசியின் ராமில் கொஞ்சத்தைக் கடன் வாங்கும் வசதி) இருந்தால் வீட்டு உபயோகத்துக்குப் போதும். டிஎல்சியா (ஒரு செல்லில் மூன்று பிட்) க்யூஎல்சியா (நான்கு பிட்) என்பதைத்தான் பார்க்க வேண்டும். க்யூஎல்சியில் கேஷ் நிரம்பும் வரை பறக்கும். பெரிய வீடியோ ஃபோல்டரை ஒரே மூச்சில் காப்பி செய்தால் பாதியில் ஹார்ட்டிஸ்க் வேகத்துக்குச் சரியும், டிரைவ் நிறைய நிறைய இன்னும் மோசம். எம்.2 என்று மட்டும் சொல்லி சாட்டா எம்.2 தருகிற கடையும் உண்டு. பார்க்க ஒன்று போல இருக்கும். சாட்டாவில் தங்க முனையில் பெரும்பாலும் இரண்டு வெட்டு, என்விஎம்இயில் பெரும்பாலும் ஒன்று. வெட்டை மட்டும் நம்பாமல் ஸ்டிக்கரில் என்விஎம்இ என்று இருக்கிறதா பாருங்கள். சாட்டா நொடிக்கு 550 எம்பியோடு நின்றுவிடும்.

கேபினட்: மே மாசம் உங்கள் ஊரில் அறையே 38 டிகிரி. முன்பக்கம் கண்ணாடி போட்டு அடைத்தால் அந்த மூன்று முன் ஃபேனும் பக்கவாட்டுச் சந்தில்தான் காற்றை இழுக்கும். கார்டு 80ஐத் தாண்டி ஃபேன் இரையும். முன்பக்கம் வலை போட்ட கேபினட், முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே, பின்னால் ஒன்று வெளியே. லைட் இல்லாதது விலையும் குறைவு. வலையில் தூசி வடிகட்டி கழற்றிக் கழுவும்படி இருக்கட்டும்.

சாலிடர் மணி

யுபிஎஸ் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் நம் ஊரில் அது இல்லாமல் பிசி இல்லை. 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட். கேம் ஓடும்போது பிசியும் மானிட்டரும் சேர்ந்து 300ஐத் தொடும், எல்லைக்கு மிக அருகில். கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் பீப் அடித்து பிசியும் அணைந்தால் காரணம் இதுதான். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ், சதுர அலை தருகிற மலிவு யுபிஎஸ்ஸுக்கு மாறும்போது இன்னும் முரண்டு பிடிக்கும். 1000 அல்லது 1100 விஏ எடுத்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் வராது. இந்த மாதம் காசு இல்லை என்றால் அடுத்த மாதம் வாங்குங்கள், 600ஐ வாங்கி வைக்காதீர்கள்.

எர்த். கேபினட்டின் ஸ்க்ரூவைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தால் எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போனது என்று முடிவு கட்டாதீர்கள். எஸ்எம்பிஎஸ் உள்ளே லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு இரண்டு சிறு கெப்பாசிட்டர் இருக்கும். சுவரில் எர்த் வேலை செய்யாவிட்டால் பாடியில் சப்ளையில் பாதி, 115 வோல்ட் பக்கம் வந்து நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, அதனால் வெறும் கூச்சம்தான். ஆனால் உள்ளே நிஜமாகவே லைன் பாடியில் பட்டால் காப்பாற்ற எர்த் இல்லை என்று அதற்கு அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லைனுக்கும் எர்த்துக்கும் இடையில் அளக்கச் சொல்லுங்கள், 230க்குப் பக்கம் காட்ட வேண்டும். மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டரைக் குப்பையில் போடுங்கள்.

கோவை கிராங்க்

வாங்கப் போகும்போது பயாஸை மறக்காதீர்கள். 5500, 5600 இரண்டும் 2022 ஏப்ரலில் வந்தவை. ஏ520, பி550 போர்டுகள் 2020இலேயே வந்துவிட்டன. பழைய ஸ்டாக் போர்டு என்றால் பவர் வரும், ஃபேன் சுற்றும், திரை மட்டும் கறுப்பாக நிற்கும். இந்த ப்ராசஸர்களில் உள்ளே கிராபிக்ஸ் இல்லாததால் எது பழுது என்று வீட்டில் கண்டுபிடிப்பதும் கஷ்டம். பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் பென் டிரைவில் கோப்பைப் போட்டு ப்ராசஸர் இல்லாமலேயே ஏற்றிக்கொள்ளலாம். மலிவு போர்டுகளில் பெரும்பாலும் பட்டன் இருக்காது, கடையிலேயே ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

ரைத் ஸ்டெல்த் ஸ்க்ரூ மாடல். போர்டில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் பிடியைக் கழற்ற வேண்டும், கழற்றியதும் பின்னால் உள்ள தகடு கீழே விழுந்துவிடும், கையால் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பேஸ்ட் அடியில் ஏற்கெனவே தடவியிருக்கும், மேலே இன்னொன்று வேண்டாம். பின்னாளில் கூலரைக் கழற்றும்போது பிசியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடவலமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வரும், ஏஎம்4இல் பின் வளையும்.

வேலூர் வெயில்

புதுக் கொட்டேஷன் வந்துவிட்டது: 5600, பி550எம் நான்கு ஸ்லாட், 8+8, 1 டிபி என்விஎம்இ டிஎல்சி, 550 வாட் பிரான்ஸ் 5 வருட வாரண்டி, வலை கேபினட். 55க்குள் அடங்குகிறது. ஆனால் ஆர்எக்ஸ் 6600 ஸ்டாக் இல்லையாம். "அதே விலைக்கு ஆர்டிஎக்ஸ் 3050 போட்டுக்கலாம், இல்லேன்னா ஆர்எக்ஸ் 580 8 ஜிபி புதுசு இருக்கு, காசு மிச்சம்" என்கிறார். எது?

வேப்பங்காய்

ரெண்டும் வேண்டாம். 3050ன்னு ரெண்டு கார்டு இருக்கு. 8 ஜிபி, 128 பிட், 8 பின் பவர் எடுக்குறது ஒண்ணு. 6 ஜிபி, 96 பிட், ஸ்லாட்டிலேயே 70 வாட்ல ஓடுறது இன்னொண்ணு, அதுல கோரும் கம்மி. பவர் வயர் இல்லாத பழைய ஆபீஸ் பிசிக்கு அந்த 6 ஜிபி நல்ல கார்டு. உங்களுக்கு இல்லை. 8 ஜிபி 3050கூட கேம்ல 6600க்குப் பின்னாடிதான். பிளெண்டர்தான் முக்கியம்னு மனசு மாறினா மட்டும் அதை யோசிங்க.

580ன்னு "புதுசு" விக்கிறதை டப்பாவுல படிங்க, பெரும்பாலும் 2048எஸ்பின்னு இருக்கும். ஒரிஜினல் 580ல ஷேடர் (கார்டோட கணக்குப் போடுற கோர்) 2304. 2048ங்கறது 570தான், பேர் மட்டும் 580. 2017 காலத்து சிப். அது மைனிங்ல ஓடிட்டு புது ஃபேன் மாட்டி வந்திருக்கான்னு உங்களால வெளியேர்ந்து சொல்ல முடியாது.

கார்டை மட்டும் வேற கடையில விசாரிங்க. ஒரே தெருவுல அடுத்த படியேறினா கிடைக்கும். மொத்தமும் ஒரே கடையில வாங்கணும்னு சட்டம் இல்லை.

எட்டாம் நம்பர் ஸ்க்ரூ

வேறு கடையில் வாங்கினால் கார்டுக்குத் தனி ஜிஎஸ்டி பில், பில்லிலேயே சீரியல் எண். டப்பாவின் சீரியலும் கார்டின் பின்பக்க சீரியலும் ஒன்றா என்று கவுண்டரிலேயே பாருங்கள். ப்ராசஸரும் சீல் உடையாத டப்பாவில் வரட்டும், டிரே பீஸ் (டப்பா இல்லாமல் வருவது) என்றால் கூலரும் வராது, கம்பெனி வாரண்டியும் சிக்கல். வீட்டுக்குப் போய் எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில் செருகுங்கள், போர்டில் இல்லை. 5600க்கு உள் கிராபிக்ஸ் இல்லை, போர்டு போர்ட்டில் படம் வராது.